சன்கேட்சர் செய்யுறதுக்கு முன்னாடி ஜன்னலைப் பாருங்க

லீவு விட்டாச்சு. மதுரையில ஏப்ரல் மே மாசத்துல காலைல பத்து மணிக்கு மேல பிள்ளைகளை வெளிய அனுப்ப முடியாது, சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் மொட்டை மாடில கால் வைக்க முடியாது, வீட்டுக்குள்ளயே கிடங்கடான்னா ஒண்ணு போனு, இல்லாட்டி சண்டை. எங்க வீட்டுல இப்ப என் பொண்ணு, சின்னவன், அப்புறம் லீவுக்கு வந்திருக்குற நாத்தனார் மகன். சரி, அடிக்கிற வெயிலை வச்சே இதுகளுக்கு ஒரு வேலை குடுப்போம்னு ஆரம்பிச்சதுதான் இந்த சன்கேட்சர். தெரியாதவங்களுக்கு சொல்லிடுறேன், வெளிச்சம் ஊடுருவுற கலர் சாமான் எதையாச்சும் ஒரு சட்டத்துல ஒட்டி ஜன்னல்ல தொங்க விடுறது, வெயில் அது வழியா வர்றப்ப ஜொலிக்கும், வீட்டுக்குள்ள கலர் விழும், அம்புட்டுதான்.

யூடியூப்ல தேடுனா வர்ற வீடியோல பாதிக்கு மேல வெளிநாட்டுக்காரங்க பண்றது. கான்டாக்ட் பேப்பர்ங்குறாங்க, போனி பீட்ஸ்ங்குறாங்க, அந்த பிளாஸ்டிக் மணியை ஓவன்ல வச்சு உருக்குங்குறாங்க. பிளாஸ்டிக்கை உருக்குனா வர்ற நாத்தமும் புகையும் பிள்ளைக இருக்குற வீட்டுக்கு ஆகாது, எனக்கு அது சுத்தமா பிடிக்கலை. அதே மாதிரி கிரேயானை சீவிப் போட்டு ரெண்டு மெழுகு பேப்பருக்கு நடுவுல வச்சு அயர்ன் பண்றது ஒண்ணு, பாக்க ரொம்ப அழகாத்தான் இருக்கு, ஆனா நம்ம ஊரு மேற்கு ஜன்னல்ல மூணு மணி வெயில் நேரா அடிக்கிற எடத்துல மெழுகைத் தொங்க விடணுமான்னு யோசிச்சுக்கங்க. இது எல்லாத்தையும் விட எனக்கு சிரிப்பு வந்தது என்னன்னா, எல்லாரும் "தெற்குப் பாத்த ஜன்னல்ல மாட்டுங்க"ன்னு சொல்றாங்க.

அவங்க ஊருக்கு அது சரி. சூரியன் அவங்களுக்கு வருஷம் பூராவும் தெற்குப் பக்கமாத்தான் சாஞ்சு போகும். நாம இருக்குறது பூமத்திய ரேகைக்கு வடக்க, பத்து டிகிரிக்கும் கொஞ்சம் கீழ. ஏப்ரல் 16 ஒட்டி மதுரையில உச்சிப் பொழுதுல சூரியன் நேரா மண்டைக்கு மேல நிக்கும், நட்டு வச்ச குச்சிக்கு நிழலே இருக்காது, நிழலில்லா நாள்னு பேப்பர்ல கூட போடுவாங்க. அதுக்கப்புறம் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மத்தியான சூரியன் நமக்கு வடக்குப் பக்கம்தான் இருக்கும். அதனால லீவுல தெற்கு ஜன்னல்ல எதைக் கட்டித் தொங்க விட்டாலும் அது சும்மா தொங்கிட்டுத்தான் இருக்கும், போதாததுக்கு மேல சன்ஷேடு வேற. தெற்கு ஜன்னலுக்கு நேரம் வர்றது மார்கழி தையிலதான், அப்பதான் வெயில் சாஞ்சு கொஞ்சமாச்சும் உள்ள எட்டிப் பாக்கும்.

அதனால நமக்குக் கிழக்கு ஜன்னல், காலைல ஏழுல இருந்து ஒம்பது. இல்லாட்டி மேற்கு ஜன்னல், சாயங்காலம் நாலரைல இருந்து ஆறு. கொசு வலை அடிச்ச ஜன்னலா இருந்தா வலைக்கு உள்பக்கமா மாட்டுங்க, வெளிச்சம் கொஞ்சம் குறையும், பரவாயில்ல. எதிர்த்த வீட்டு மாடி மறைக்குதான்னு முன்னாடியே பாத்துக்கங்க, இப்ப எல்லா தெருவுலயும் மூணு மாடி வந்துருச்சு.

எங்களுக்கு ஹால்ல கிழக்கு ஜன்னல் இருக்கு. மொத நாளு பிள்ளைகளை ஒண்ணும் செய்ய விடல, சும்மா ஜன்னல் கம்பில ஒரு சிவப்புக் கண்ணாடி பேப்பரை கிளிப் போட்டு மாட்டிட்டு சாக்பீஸை கையில குடுத்தேன். ஏழு மணிக்கு எதிர் சுவத்துல கீழாப்புல சிவப்பு விழுது, எட்டு மணிக்கு அது தரைக்கு இறங்கி ஹால் நடுவுக்கு வந்துருது, ஒம்பது மணிக்கு ஜன்னல் பக்கமா ஒதுங்கி நிக்குது. ஒவ்வொரு தடவையும் சுத்திக் கோடு போட்டு நேரம் எழுதி வச்சாங்க. "அத்தை, ஜன்னல் அங்கயேதான இருக்கு, இது மட்டும் எப்படி நடக்குது"ன்னு நாத்தனார் மகன் கேட்டான், நான் பதில் சொல்றதுக்குள்ள என் பொண்ணு "சூரியன் மேல ஏறுதுல்ல, அதான் இது கீழ இறங்குது"ன்னுட்டா. ஸ்கூல்ல எந்தப் பாடத்துல படிச்சாளோ தெரியாது, ஆனா அன்னைக்குத்தான் அவ தானா கண்டுபிடிச்ச கணக்கா முகத்துல ஒரு தெம்பு.

இப்ப சாமான். கண்ணாடி பேப்பர்னு கேட்டா எல்லா ஸ்டேஷனரி கடையிலயும் குடுப்பாங்க, சில கடைல ஜெலட்டின் பேப்பர்னு சொன்னாத்தான் புரியும், சிவப்பு மஞ்சள் நீலம் பச்சைன்னு நாலு கலர் நிச்சயமா இருக்கும். நான் மொத எல்லாம் இந்த மாதிரி சாமானுக்கு மீனாட்சி கோயில் முன்னாடி உள்ள புதுமண்டபம்தான் போவேன், அந்தக் கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்துன பிறகு எந்தக் கடை எங்கிட்டு இருக்குன்னே பிடிபடாம சுத்திட்டு கடைசில எங்க ஏரியா கடையிலயே வாங்கிட்டேன். அது போக நோட்டுக்கு அட்டை போடுறதுக்குன்னு ஒரு பக்கம் ஒட்டுற ட்ரான்ஸ்பரன்ட் ஷீட்டு விக்குமே அது ஒரு ரோல். வீடியோல கான்டாக்ட் பேப்பர்னு சொல்றது இதைத்தான்.

சட்டத்துக்கு எதையும் வாங்காதீங்க. நம்ம வீட்டுல கல்யாணப் பத்திரிகைக்கு என்ன பஞ்சம், இப்ப அடிக்கிறது எல்லாம் அட்டை அட்டையா கெட்டியா இருக்கு. நடுவுல கட்டமா வெட்டி எடுத்துட்டா நல்ல ஃபிரேமு. ஒரே ஒரு சிக்கல், என் மாமியார் பாத்துட்டாங்க. "ஏத்தா, பிள்ளையார் படம் போட்ட பத்திரிகையில கத்திரிக்கோலை வைக்கிறியே"ன்னு. சரின்னு சாமி படத்தை எல்லாம் முதல்ல தனியா வெட்டி பூஜை அலமாரில வச்சாச்சு, மணமக்கள் பேரு இருக்குற பக்கமும் வேணாம்னுட்டாங்க, அதுவும் சரி, பின்னட்டை போதும். பிள்ளைகளுக்கு இதுவே ஒரு வேலையாப் போச்சு, யாரு கல்யாணம் என்னைக்கு நடந்துச்சுன்னு ஒவ்வொண்ணா அப்பத்தாகிட்ட கேட்டுக்கிட்டே வெட்டுனாங்க, நாத்தனார் மகனுக்கு அவங்க அம்மாச்சி, அவன் ஒரு பக்கம் அம்மாச்சின்னு கூப்பிட இதுக ரெண்டும் அப்பத்தான்னு கூப்பிட அந்த அம்மா யாருக்குப் பதில் சொல்றதுன்னு தெரியாம ஒக்காந்திருந்தாங்க.

செய்யுறது ரொம்ப சிம்பிள். ஒட்டுற ஷீட்டை ஃபிரேமுக்குப் பின்னாடி ஒட்டிருங்க, பசை பக்கம் மேல பாத்து இருக்கும், அதுல பிள்ளைக கண்ணாடி பேப்பரை வெட்டி வெட்டி ஒட்டட்டும், முடிஞ்சதும் மேல இன்னொரு ஷீட்டு. பசையைக் கையில தொடவே வேணாம், அதனால யூகேஜி பிள்ளை கூட செய்யும். ஒரு விஷயம் மட்டும் சொல்லிக் குடுங்க, துண்டுகளைப் பெருசா வெட்டச் சொல்லுங்க. பொடிப்பொடியா வெட்டி ஒட்டுனா ஜன்னல்ல பாக்க ஜோராத்தான் இருக்கும், ஆனா தூரத்துச் சுவத்துல விழுறப்ப எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலங்கிப் போயிடும். ஏன்னா சூரியன் ஒரு புள்ளி இல்ல, வானத்துல அரை டிகிரி அகலத்துக்கு ஒரு வட்டம், அதனால பத்தடி தள்ளி விழுற கலரோட ஓரம் ஒரு இஞ்சு அளவுக்கு மங்கிப் பரவும். மூணு விரல் அகலத்துக்குக் குறையாம வெட்டுனா தப்பிச்சீங்க. கூரையில சின்ன ஓட்டைக்குள்ள இருந்து விழுற வெளிச்சம், ஓட்டை எந்த வடிவத்துல இருந்தாலும் தரையில வட்டமாத்தான் விழும் பாத்திருக்கீங்களா, அதுவும் இதே கதைதான், அந்த வட்டம் சூரியனோட படம். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தப்ப மரத்தடியில எல்லாம் நிலாப் பிறை பிறையா விழுந்துச்சே, அது இதனாலதான்.

சின்னவன் அழகர்தான் பண்ணுவேன்னு ஒத்தக் கால்ல நின்னான். சித்திரைத் திருவிழா பாத்ததுல இருந்தே அவனுக்கு அழகர் பைத்தியம், எதை வரையச் சொன்னாலும் தங்கக்குதிரைதான் வரைவான். குதிரைக்கு மஞ்சள் கண்ணாடி பேப்பர், சரி. பட்டுக்குப் பச்சை வேணும், பச்சை தீந்து போச்சு, பொண்ணு ஏற்கனவே தென்னை மரத்துக்கு மொத்தத்தையும் காலி பண்ணிட்டா. நீலத்தை ஒட்டட்டுமான்னு அவன் கேட்டதுதான் தாமதம், உள்ள இருந்து அப்பத்தா சத்தம் போடுறாங்க, "அழகருக்கு நீலத்தைக் கட்டி விட்றாதடா, பச்சைப் பட்டு உடுத்துனாத்தான்டா நாடு செழிக்கும்"னு. அப்பதான் மஞ்சள் மேல நீலத்தை வச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாருன்னு சொன்னேன். தூக்கிப் பாத்துட்டு அப்படியே அப்பத்தாகிட்ட ஓடுனான். அதுக்கப்புறம் கேக்கணுமா, எல்லாக் கலர் மேலயும் எல்லாக் கலரையும் வச்சுப் பாத்தாச்சு. சிவப்பு மேல நீலம் வச்சா ஊதா கிட்ட வரும், சிவப்பு மேல பச்சை வச்சா கிட்டத்தட்ட கருப்பு, வெளிச்சமே வராது. சிவப்புப் பேப்பர் சிவப்பு வெளிச்சத்தை மட்டும்தான் விடும், பச்சைப் பேப்பர் அந்தச் சிவப்பைத் தடுத்துடும், அப்புறம் என்ன மிச்சம் இருக்கும். வாட்டர் கலர் வச்சு இதைச் சொல்லிக் குடுக்குறதை விட இது நூறு மடங்கு சுளுவு, தண்ணி கொட்டாது, கை கழுவ வேணாம்.

அழகரை மாட்டியாச்சு, காலைல ஜன்னல்ல பச்சையும் மஞ்சளுமா ஜொலிக்கிறாரு, ஆனா தரையில பட்டு விழுற எடத்துல இருட்டாக் கெடக்கு. எங்களோடது பழைய வீடு, சிவப்பு சிமெண்ட் தரை. சிவப்புத் தரை சிவப்பைத்தான் திருப்பி அனுப்பும், பச்சையையும் நீலத்தையும் முழுங்கிடும். ஒரு வெள்ளை வேட்டியை விரிச்ச பிறகுதான் அழகரு முழுசா இறங்குனாரு. உங்க வீட்டுல வெள்ளை டைல்ஸா இருந்தா இந்தப் பிரச்சனையே கிடையாது.

இதுல பல பேரு கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. சன்கேட்சர்ல ரெண்டு சாதி. கண்ணாடி பேப்பர் மாதிரி அந்தப் பக்கம் தெரியுறது ஒண்ணு, அதுதான் தரையிலயும் சுவத்துலயும் கலர் போடும். இன்னொண்ணு வெளிச்சம் மட்டும் வரும், அந்தப் பக்கம் தெரியாது, தோரணம் ஒட்டுற மெல்லிசு கலர் பேப்பர் எல்லாம் இந்த வகை, அது ஜன்னல்லயே மினுங்கும், ஆனா தரையில ஒண்ணும் உருப்படியா விழாது, வெளிச்சத்தை அங்கிட்டும் இங்கிட்டும் சிதற அடிச்சிடும். வீடியோல இதைச் சொல்றதே இல்ல. பிள்ளைகிட்ட தரையில கலர் விழும்னு ஆசை காட்டிட்டு தோரணப் பேப்பர்ல பண்ண வச்சா பாவம் ஏமாந்து போகும்.

ரெண்டாவது சாதியில ரொம்ப மலிவானது எண்ணெய் பேப்பர். வெள்ளைத் தாள்ல கிரேயான்ல அழுத்தி படம் வரையச் சொல்லுங்க, அழுத்தணும், லேசா தீட்டுனா பத்தாது. அப்புறம் பின்பக்கம் பஞ்சுல தேங்காய் எண்ணெயைத் தொட்டு மெதுவாத் தேய்ங்க. பஜ்ஜி மடிச்ச பேப்பர்ல எண்ணெய் பட்ட எடம் எப்படி வெளிச்சம் காட்டுமோ அதேதான். தாளுக்குள்ள நாருக்கு நடுவுல காத்து இருக்கும், அதுலதான் வெளிச்சம் முட்டி முட்டி சிதறும், எண்ணெய் போய் அந்த எடத்தை அடைச்சுட்டா வெளிச்சம் நேரா வந்துடும். ராத்திரி பூரா பழைய பேப்பருக்கு நடுவுல வச்சு கனமா ஏதாச்சும் மேல வைங்க, மிச்ச எண்ணெய் எல்லாம் உறிஞ்சிடும். ஸ்கிரீன் துணி படுற எடத்துல மாட்டாதீங்க, அப்புறம் கறைக்கு நான் பொறுப்பில்ல.

பசை வகையும் உண்டு. ஃபெவிகாலை ஒரு பிளாஸ்டிக் மூடில ஊத்தி, கேசரி பவுடரைத் தண்ணில குழைச்சு ரெண்டு சொட்டு விட்டு, பல்குச்சில இழுத்து இழுத்து டிசைன் போடுறது. காய்ஞ்சதும் தட்டு தட்டா உரிஞ்சு வரும், கொஞ்சம் வெளிச்சம் ஊடுருவும். சித்திரை வெயில்ல சீக்கிரம் காயும், ஐப்பசி மழைல பண்ணுனா காயவே காயாது, பிசுபிசுன்னு கிடக்கும். எனக்கு இது அவ்வளவு இஷ்டம் இல்ல, ஆனா பிள்ளைகளுக்கு இழுக்குறதுல ஒரு குஷி, அதுக்காக வேணா பண்ணலாம்.

எனக்குப் பிடிச்சது வளையல் துண்டு. சின்ன வயசுல நாங்க எல்லாம் உடைஞ்ச கண்ணாடி வளையலை விளக்குல காட்டி வளைச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டி சங்கிலி பண்ணுவோம், இப்ப உள்ள பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது. வளையல் கடைல நயமாக் கேட்டா உடைஞ்சதை எடுத்து வச்சுக் குடுப்பாங்க, அவங்களுக்கு அது குப்பைதானே. ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்குச் சாத்துன வளையல் பிரசாதமா வந்திருந்தா அது உடைஞ்சாலும் இதுக்கு எடுக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுச் சட்டம். துண்டோட முனை எல்லாம் கூரா இருக்கும், அதை நீங்களே கல்லுல தேய்ச்சு மழுக்கிட்டு அப்புறம் பிள்ளைக கையில குடுங்க, பத்து வயசுக்குக் கீழ உள்ளவங்க எங்க ஒட்டணும்னு விரல் நீட்டிக் காமிச்சா போதும். ஃபிரேமுல ஒட்டுற ஷீட்டு மேல துண்டுகளை அடுக்கி, மேல தாராளமா பசையை ஊத்தி மூடிட்டா முனையும் உள்ள போயிடும், காயுறதுக்கு மட்டும் ரெண்டு மூணு நாள் பொறுக்கணும்.

இதுல பெரிய லாபம் என்னன்னா வளையல் வெளுக்காது. கண்ணாடி பேப்பர், கேசரி பவுடர் எல்லாம் சாயம், வெயிலு தின்னுடும், மேற்கு ஜன்னல்ல மாட்டுனது அடுத்த மாசத்துக்குள்ள சோகை பிடிச்ச கணக்கா ஆயிடும். கண்ணாடில கலர் வர்றது சாயத்தால இல்ல, உருக்குறப்பயே கலக்குற உலோகத்தால, கோபால்ட் போட்டா நீலம், குரோமியம் போட்டா பச்சை. நம்ம ஊருக்கு வர்ற கண்ணாடி வளையல்ல பெரும்பாலும் உத்தரப்பிரதேசத்துல உள்ள ஃபிரோசாபாத்ல உருக்குனதுதான். செட்டிநாட்டுப் பக்கம் கல்யாணத்துக்குப் போனீங்கன்னா பழைய வீட்டு ஜன்னல் மேல கலர் கண்ணாடி போட்டிருப்பாங்க, அம்புட்டு வருஷத்து வெயிலைப் பாத்தும் இன்னும் அப்படியே நிக்குது. ஆனா எல்லாக் கலர் வளையலும் இப்படின்னு நினைச்சுடாதீங்க, சிலது மேல பூச்சு மட்டும்தான், நகத்தால சுரண்டிப் பாருங்க, உரிஞ்சா அது வேணாம்.

ரெண்டே ரெண்டு எச்சரிக்கை. கலர் பேப்பர் வழியா நேரா சூரியனைப் பாக்க விடாதீங்க, எத்தனை மடிப்பு வச்சாலும் சரி, கண்ணு போயிடும், இதைப் பிள்ளைக கண்டிப்பா செஞ்சு பாக்கும். அப்புறம் உருண்டை கண்ணாடி, தண்ணி ஊத்துன உருண்டை பாட்டில் இதெல்லாம் வெயில்ல தொங்க விடாதீங்க, லென்ஸா வேலை செஞ்சு ஸ்கிரீன்ல பொசுக்கிடும்.

வெளுக்குதேன்னு கவலைப்பட்டா அதை வச்சே ஒரு வேலை இருக்கு. துணில மஞ்சக்கறை பட்டா நம்ம என்ன பண்ணுவோம், துவைச்சு வெயில்ல போட்டா தானா போயிடும்ல, மஞ்சளுக்கு வெயில்னா ஆகாது. கொரோனா காலத்துல வாங்கி மிச்சம் கிடக்குற ஆல்கஹால் சானிடைசர், ஜெல்லா இல்லாம தண்ணியா இருக்குறது, இருந்தா அதுல ஒரு ஸ்பூன் மஞ்சத்தூளைக் கலக்கி, அது தீப்பிடிக்கும்ங்குறதால அடுப்பு பக்கம் மட்டும் போகாம, தெளிஞ்சதும் மேலாப்புல உள்ளதைத் துணில வடிகட்டி டிராயிங் ஷீட்டுல பிரஷ்ல தடவுங்க. நிழல்ல காய வைங்க. அது மேல ஒரு வேப்பங்கொத்தோ, வளையலோ, பழைய சாவியோ வச்சு, மேல ஃபோட்டோ ஃபிரேம் கண்ணாடியைக் கவுத்து மொட்டை மாடில உச்சி வெயில்ல ரெண்டு மூணு மணி நேரம். நம்ம ஊரு வெயிலுக்கு இது ஒண்ணுதான் சரியான உபயோகம்னு எனக்குத் தோணுது. வெயில் பட்ட எடம் வெளுத்து, இலைக்கு அடில இருந்த எடம் மட்டும் மஞ்சளா நிக்கும். ஆப்ப சோடா கரைச்ச தண்ணியை லேசாத் தடவுனா அந்த மஞ்சள் சிவப்பு தட்டும், ஆரத்திக்குக் கரைக்கிறப்ப சுண்ணாம்பு பட்டதும் மாறுமே அதேதான். காத்துக்குப் பறக்காம நாலு மூலையிலயும் கல்லு வைங்க, வேப்பங்கொத்து சருகாகும் முன்னாடி எடுத்துருங்க. வந்த படத்தை மட்டும் ஜன்னல்ல மாட்டிடாதீங்க, இருக்குற மஞ்சளும் போயிடும், நோட்டுக்குள்ள வச்சு மூடிருங்க.